உபுண்டு சர்வரைத் தானே மறுதொடக்கம் செய்யும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தின் இரண்டு உபுண்டு சர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். ஒன்றில் சாம்பா வழியாகப் பகிரப்படும் கோப்புகளும், மற்றொன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்களோடு புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிறுவப்பட்டாலும், சர்வரை மறுதொடக்கம் செய்யும் வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான் என்பதால், ஆள் விழித்திருக்கத் தேவையில்லாமல் அந்த வேலையை நடத்தும் ஏற்பாடு எனக்குத் தேவைப்பட்டது. முதலில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை நம்பியிருந்தேன். கடந்த ஓராண்டாக அந்தப் பொறுப்பு டெபியன், உபுண்டு ஆகிய இரு லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தொகுப்பிடம் இருக்கிறது.

கிரானை விட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று விடியற்காலை 4 மணிக்கு மறுதொடக்கம் நடக்க வேண்டும் என்று, தேதிக்கான இடத்தில் 1-7 என்றும் கிழமைக்கான இடத்தில் 0 என்றும் எழுதியிருந்தேன். இரண்டும் பொருந்தும் நாளில் மட்டுமே அது ஓடும் என்பது என் எண்ணம். தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், அவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே கிரான் வேலையைத் தொடங்கிவிடும் என்பது, 'லாஸ்ட் ரீபூட்' கட்டளையை ஓட்டி, ஒரே மாதத்தில் 10 மறுதொடக்கங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முதல் ஏழு நாள்களும், பிறகு வந்த எல்லா ஞாயிறுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கிழமையை ஸ்கிரிப்டுக்குள் சோதித்து இதைச் சரிசெய்துவிடலாம். கிரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமரிலோ ஞாயிறு, 1 முதல் 7 வரை என்று எழுதினால் இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் ஓடும். ஆனாலும் தேவை இருக்கிறதா என்று பார்க்காமல், நாள் வந்துவிட்டது என்பதற்காகவே சர்வரை நிறுத்துவது சரியான முறையா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸின் சிறப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. கெர்னல் போன்றவை புதுப்பிக்கப்படும்போது ரன் கோப்புறையில் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு உருவாகிறது. புதுப்பிப்பு முடிந்ததும் இந்தத் தொகுப்பு அந்தக் கோப்பைத் தேடுகிறது. இல்லையென்றால் சர்வரைத் தொடுவதில்லை. இருந்தால், நாம் குறித்துவைத்த நேரத்துக்கு 'ஷட்டவுன்' கட்டளையைத் திட்டமிட்டுவிடுகிறது. வேண்டாம் என்று தோன்றினால் 'ஷட்டவுன் -சி' கொடுத்து ரத்து செய்ய நமக்கு அவகாசமும் கிடைக்கிறது. எந்தத் தொகுப்பால் இந்தத் தேவை எழுந்தது என்பதையும் அருகிலேயே இன்னொரு கோப்பு சொல்லிவிடுகிறது.

தானியங்கி மறுதொடக்கம் இயல்பில் அணைக்கப்பட்டே வருகிறது; அமைப்புக் கோப்பில் 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' வரியை நாமே இயக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கும் வரிக்கு மாதிரியாக 02:00 என்று தரப்பட்டிருக்கும். சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் அது இந்திய நேரப்படி காலை 7:30 ஆகிவிடும். ஆகவே 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் நேர மண்டலத்தைச் சரிபார்த்த பிறகே அந்த வரியைத் தொட வேண்டும். யாராவது உள்நுழைந்திருந்தாலும் மறுதொடக்கம் செய்துவிடுவது இதன் இயல்பான நடத்தை. அதை மாற்றி வைத்துப் பார்த்தேன். ஊழியர் ஒருவர் மூடாமல் விட்டுச்சென்ற ஒரேயொரு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும்) இணைப்பால் அன்றைய மறுதொடக்கம் நடக்கவில்லை. மீண்டும் பழையபடியே வைத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. தரவுத்தளத்தின் காப்புநகல் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது இதற்குத் தெரியாது. காப்புநகல் 1:30 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் வரை ஓடும் என்பதை மறந்து நான் 02:00 என்றே குறித்திருந்ததால், ஒரு நாள் பாதியில் அறுந்த டம்ப் (காப்புநகல்) கோப்புதான் மிஞ்சியது. இப்போது அந்தச் சர்வருக்கு 04:00, கோப்புச் சர்வருக்கு 04:30 என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு சேவைகள் எழுந்தனவா என்பதையும் இது சொல்வதில்லை. கிரானின் '@ரீபூட்' வரி ஒன்றை வைத்து, ஓடாத சேவைகளின் பட்டியலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பச் செய்திருக்கிறேன். கிரானுக்கு என்னிடம் மிச்சமிருக்கும் வேலை அதுதான்.

ஓரிரு சர்வர்களை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல சர்வர்களை ஒரே தொகுதியாக இயக்கும் குபர்நெட்டீஸ் நடத்துபவர்களுக்கு, இதே 'ரீபூட்-ரிக்வயர்டு' கோப்பைக் கவனித்துக் கணுக்களை (அந்தத் தொகுதியின் சர்வர்களை) ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்யும் க்யூர்டு என்ற கருவி பொருந்தும். யார் எதை நிறுவினாலும், அதை இயக்கும் முன் ஒரு பகல் வேளையில் தாமே சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. எங்கள் கோப்புச் சர்வரில் சாம்பா சேவை ஓடிக்கொண்டிருந்ததே தவிர, தொடங்கும்போது தானாக எழும்படி 'எனேபிள்' செய்யப்படவில்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.