எழும்பூரில் ஏறிய இரவு ரயில்

ஜெர்மனிக்குக் குடிபோய்ப் பதினொரு வருடம் ஆகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் சென்னையில் இறங்கியதும் திருநெல்வேலிக்கு இரவு ரயில்தான். இந்த முறை போகும்போது ஸ்லீப்பரிலும் திரும்பும்போது ஏசி மூன்றடுக்கிலும் படுத்து வந்தேன்.

எழும்பூர் நடைமேடையில் நடந்துகொண்டே பெட்டிகளை எண்ணினேன். என்ஜினை விட்டு 22. ஆஸ்திரிய ரயில்வே ஓட்டும் புதிய நைட்ஜெட் ரயிலில் 7 பெட்டிகள், 254 பேருக்கு இடம். இங்கே ஆயிரம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். என்ஜின், லோகோ பைலட், கார்டு, தண்டவாளம் என்று எல்லாச் செலவும் அத்தனை பேருக்கும் பங்காகிவிடுகிறது. நம் இரவு ரயிலின் பெரிய பலம் இந்த நீளம்தான்.

ஏனென்றால் இரவு ரயில் இயல்பிலேயே செலவு பிடித்தது. பகல் ரயிலில் ஒருவர் விழுப்புரத்தில் எழுந்தால் அந்த இருக்கை திருச்சி போகிறவருக்கு விற்கும். பெர்த் பெரும்பாலும் ஓர் இரவுக்கு ஒரே ஒருவருக்குத்தான். காலையில் வந்து சேரும் பெட்டிகள் மாலைவரை யார்டில் நிற்கின்றன. ஏசியில் போர்வை, விரிப்பு வெளுக்கும் செலவு வேறு. இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல்தான் ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களைக் கைவிட்டது. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் பாரிஸ்–பெர்லின் நைட்ஜெட்டும் 2025 டிசம்பரில் நின்றுபோனது.

நம் நாட்டிலும் கட்டணம் செலவை ஈடுகட்டுவதில்லை. சராசரியாகச் செலவில் 57 சதவீதமே பயணிகளிடமிருந்து கிடைக்கிறது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். நிலக்கரியும் சிமென்டும் ஏற்றிப்போகும் சரக்கு ரயில்கள்தான் குறையைச் சுமக்கின்றன.

எனக்குக் கவலை தருவது வேறொரு கணக்கு. புதிய வகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த். ஏசி மூன்றடுக்கில் 72. கட்டணமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒரு ஸ்லீப்பரைக் கழற்றி ஏசி பெட்டியை மாட்டினால் வருமானம் இரட்டிப்பாகும். பல ரயில்களில் அப்படித்தான் ஸ்லீப்பர் குறைந்திருக்கிறது.

என் எதிர் பெர்த்தில் சென்னை மருத்துவமனைக்கு வந்து திரும்பும் வயதான தம்பதியர். மேல் பெர்த்தில் வேலைத் தேர்வு எழுதிவிட்டு வந்த பையன். “விடிஞ்சா கடை திறக்கணும், அதான் ராத்திரியே கிளம்பிட்டோம் தம்பி” என்றார் பெரியவர். ஒரு நாள் வியாபாரமும் ஒரு லாட்ஜ் வாடகையும் அவருக்கு மிச்சம். அந்தப் பணம் ரயில்வே கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறாது. ஆனால் மானியம் கொடுப்பதற்கான நியாயமே அதுதான் என்று நினைக்கிறேன். என்னைப் போல் விமானத்தில் வந்து இறங்குகிறவரிடம் ஏசிக்கு இன்னும் நூறு ரூபாய் கூட்டி வாங்கட்டும், தருகிறேன். ஸ்லீப்பர் பெட்டிகளில் கைவைக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விமான டிக்கெட் எடுத்த கையோடு அந்தத் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.