நெடுந்தீவுக்குப் போனால் ஒரு இரவாவது தங்குங்கள்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கிற நெடுந்தீவுக்கு இது எனக்கு மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவையும் காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பினோம், யாழ்ப்பாணத்தில் இருந்து போகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள். இந்த முறை மாசி மாதத்துச் சனிக்கிழமை போய் ஒரு இரவு தங்கி ஞாயிறு திரும்பினோம். தங்கிய பிறகுதான், முதல் இரண்டு தடவையும் நான் அந்தத் தீவைப் பார்க்கவே இல்லை என்று விளங்கியது. சனி ஞாயிறு பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று யோசிக்கிறவர்களுக்கும், புதிதாகக் கலியாணம் முடித்து இரண்டு நாள் அமைதியாக எங்கேயாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

போனது நான், இவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், மாமி. மாமிக்கு 68 வயது, முழங்கால் வருத்தம் உண்டு. லீவு என்றால் நுவரெலியா என்று வான் பிடித்து, போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று களைத்துப்போய் வீடு வந்து சேருவதுதான் எங்கள் வழக்கம். மாமிக்கு இனி அது ஏலாது. அப்படித்தான் கிட்ட இருக்கிற இடமாகப் பார்ப்போம் என்ற கதை வந்தது.

வழியே பாதிப் பயணம். பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் பரவைக் கடல், இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறவர்கள், சிறகுவலைத் தடிகள், அதன் மேல் வரிசையாக நீர்க்காகங்கள். பிறகு அல்லைப்பிட்டி, வங்களாவடிச் சந்தி, அதைத் தாண்டினால் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற நீளமான தாம்போதி. அதில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கறுப்புக் கோடு மாதிரி அந்த வீதி மட்டும்தான் இருக்கும். புங்குடுதீவு மாமி பிறந்த ஊர். பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக வர, அது இன்னாருடையது, அவர்கள் கனடா, இது இன்னாருடையது, இவர்கள் பிரான்ஸ் என்று மாமி சொல்லிக்கொண்டே வந்தா. மகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வான் இல்லாதவர்கள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ் எடுத்தால் நேரே குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுபோய் விடும், ஆனால் படகு நேரத்துக்குப் பொருந்துகிற பஸ்ஸை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

குறிகட்டுவானில் இருந்து படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நயினாதீவுக்குப் போகிற கால்மணிப் பயணம் மாதிரி இது இல்லை. தீவுகளின் மறைவு முடிந்ததும் திறந்த கடல், அங்கே அலை வேறு மாதிரி அடிக்கும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் படகின் நடுவில், பின்பக்கமாக இடம் பிடியுங்கள், ஆட்டம் குறைவு. தேசிக்காய் ஒன்று கையில் இருந்தால் நல்லது. இரண்டாவது தடவை போனபோது நாங்கள் ஏறிய தனியார் படகில் ஆட்களை அளவுக்கு மேல் ஏற்றினார்கள், பாதுகாப்பு அங்கி கேட்டதற்கு, "உள்ளுக்குள்ள கிடக்கு, தேவை எண்டால் எடுக்கலாம்" என்றார்கள். பயத்தில் மகனை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தேன். இந்த முறை அங்கியைக் கையில் தந்த படகில்தான் ஏறினோம். அங்கி போடாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், படகுக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டு வாங்குங்கள்.

இறங்குகிற இடம் மாவிலித்துறை. இந்தக் கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போனவர்களை வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நினைவு கூருகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மாமியே சுருக்கமாகச் சொன்னா, எல்லோரும் கொஞ்ச நேரம் அங்கே நின்றோம். உல்லாசப் பயணம் என்று வந்தாலும் அந்த இடத்தைப் பேசாமல் கடந்து போக மனம் வராது.

தங்கிய இடம் ஹோட்டல் இல்லை, ஒரு குடும்பம் தங்கள் வளவுக்குள் கட்டி வாடகைக்கு விடுகிற இரண்டு அறைகள். யாழ்ப்பாணத்துத் தெரிந்தவர் ஒருவர் மூலம் முதலே கதைத்து வைத்தோம். இரண்டு அறைக்கும் ஒரு இரவுக்கு 9,000 ரூபாய், சாப்பாட்டுக்கு வேறு. அறை சுத்தம், பெட்சீற் தோய்த்து வெயில் வாசத்தோடு இருந்தது, நுளம்பு வலை கிழிசல் இல்லாமல் நாலு பக்கமும் செருகக்கூடியதாக இருந்தது. ஏசி கிடையாது. குளிக்கிற தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும், சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி வரும். தீவில் நன்னீர் என்பது சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் மாதிரி ஒரு சில இடத்தில்தான், அதனால் குடிக்கிற தண்ணீரை வீட்டுக்காரர் தனியாக வைத்திருந்தார்கள். நாங்களும் ஐந்து லீற்றர் கான் இரண்டு கொண்டு போனோம். தண்ணீரை அங்கே யாரும் வீணாக ஊற்றுவதில்லை, நீங்களும் ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பகல் சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, புளி சரியாக விட்ட மீன் குழம்பு. இரவு புட்டும் நண்டுக் கறியும். மகன் வீட்டில் நண்டைத் தொடவே மாட்டான், இங்கே காலை உடைத்துத் தரச் சொல்லி நின்றான். விடிய இடியப்பம், சொதி, இடிச்ச சம்பல். ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விட அந்த வீட்டுப் பசுப்பால் விட்ட தேத்தண்ணீர்தான். போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்குப் பசுத்தீவு என்று பொருள்பட தங்கள் மொழியில் பெயர் வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன், அந்தப் பாலைக் குடித்தால் நம்பலாம். பால்மாத் தேத்தண்ணீரே பழகின மகள் இரண்டாவது கப் கேட்டாள். "பால் நல்லாப் பிடிச்சிருக்குப் பிள்ளைக்கு, போகேக்க ஒரு போத்தல் தயிர் தாறன்" என்று சொன்ன அந்த அக்கா, சொன்ன மாதிரியே போகும்போது தந்து, காசும் வாங்கவில்லை.

இனித் தீவைச் சுற்றுவது. இறங்குதுறையில் ஓட்டோ, பட்டா என்கிற சின்ன லொறி, பிக்கப் எல்லாம் நிற்கும், பேசிக்கொண்டு ஏறலாம். ஒருநாள் பயணத்தில் எல்லோரும் விடுகிற பிழை இங்கேதான். பத்து மணிக்கு இறங்கி, பின்னேரப் படகு தவறிவிடும் என்ற பயத்தோடு, உச்சி வெயிலில் ஏழெட்டு இடம் ஓடி, ஒவ்வொன்றிலும் இறங்கிப் படம் எடுத்து ஏறுவது. முதல் தடவை எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் இரண்டரை மணித்தியாலத்தில் முழுத் தீவையும் காட்டி முடித்துத் துறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிறகு நிழல் இல்லாத அந்தத் துறையில் பிள்ளைகளோடு காத்துக் கிடந்தோம். இந்த முறை பட்டா ஓட்டுகிற அண்ணையிடம், இரவு தங்குகிறோம், அவசரம் இல்லை என்றேன். அவர் முகமே மாறியது. "அப்ப ஏன் இந்த வெயிலுக்க, சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கோ. மூண்டரைக்கு வாறன்" என்றார். சொன்ன நேரத்துக்கு வந்தார். சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு காலையும் சேர்த்து 7,000 ரூபாய் வாங்கினார், அதற்கு மேலேயே கொடுக்கலாம்.

குதிரைகள் விஷயத்தில் நேரம்தான் எல்லாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு கேட்பார் இல்லாமல் காடேறின குதிரைகளின் வழி வந்தவை இவை. உயரம் குறைவு. மத்தியானத்தில் போனால் தூரத்தில் நாலைந்து நிற்கும், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து மணிக்குப் போனோம். வெட்டவெளி, கட்டைப் புல், காற்று. ஒரு கூட்டமாக முப்பதுக்கு மேல் தண்ணீர் இருந்த பள்ளத்தை நோக்கி நடந்து வந்தன, முன்னுக்கு ஒரு செம்பழுப்பு, பின்னால் குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு. அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு, பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினார். அவை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. மகன் மூச்சுக்கூட விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 2015இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், ஆனாலும் வரட்சி வந்தால் தண்ணீர் இல்லாமல் இவை செத்துப்போகின்றன. அண்ணை அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தயவுசெய்து பிஸ்கட், பாண் என்று போடாதீர்கள், பிளாஸ்ரிக் போத்தலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். நாங்கள் திரும்பும்போது ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

பெருக்குமரத்துக்கு ஞாயிறு காலை போனோம். ஆபிரிக்காவில் வளர்கிற மரம், அரபு வணிகர் கொண்டு வந்தது என்று சொல்வார்கள். அடிமரத்தில் ஒரு பொந்து, உள்ளே ஆட்கள் புகுந்து நிற்கலாம். நேரத்தோடு போனதால் நாங்கள் மட்டும்தான், பிள்ளைகள் ஆசை தீர உள்ளே இருந்து கதைத்தார்கள். மரத்தில் பெயர் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க வயிறு எரிந்தது. ஒல்லாந்தர் கோட்டை வைத்தியசாலைக்குப் பின்னால், பாதி இடிந்து கிடக்கிறது. முருகைக்கல்லில் கட்டியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் பூவேலை அப்படியே தெரியும். பழைய காலத்தில் தூதுப் புறாக்கள் வளர்த்த புறாக்கூடும் பார்த்தோம். விளக்கப் பலகைகள் போதாது, வெயிலில் மங்கியும் போயிருக்கின்றன. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் வீட்டிலேயே வாசித்துவிட்டுப் போங்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைத்தான் எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள், புங்குடுதீவுக்கு மிடல்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். அவையெல்லாம் மறைந்துபோக டெல்ஃப்ட் என்பது மட்டும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டது என்று சொன்னதும் மகள் அதைக் கொப்பியில் எழுதி வைத்தாள்.

கோட்டையையும் மரத்தையும் விட எனக்குப் பிடித்தது கல்வேலிகள். எங்கள் ஊரில் கிடுகு வேலி, கதியால் வேலி, இப்போது எல்லா இடமும் சீமெந்து மதில். நெடுந்தீவில் முருகைக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியே வேலி, சாந்து கிடையாது. காற்று இடுக்கால் புகுந்து வரும், வேலி விழாது. ஞாயிறு விடிய ஆறு மணிக்கு முன்னரே, மாமியும் பிள்ளைகளும் நித்திரையாக இருக்க, நானும் இவரும் அந்தக் கல்வேலி ஒழுங்கைகளில் நடந்தோம். பனைகள், ஆட்டு மணிச் சத்தம், சைக்கிளில் பால் கொண்டுபோகிற ஒருவர். வாகனம் ஒன்றும் இல்லை. கலியாணம் முடித்துப் பதினொரு வருஷத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், லோன், ரியூசன் இவை பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தது அன்றைக்குத்தான். கடற்கரைக்கு வந்து முருகைக்கல்லில் இருந்தோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி. அந்த ஒரு மணித்தியாலம் ஒருநாள் பயணத்தில் கிடைக்கவே கிடைக்காது.

முதல் நாள் இரவு கரண்ட் போனது. ஃபான் நின்றதும் பிள்ளைகள் சிணுங்க, எல்லோரும் பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து படுத்தோம். யாழ்ப்பாணத்தில் இப்போது அந்த மாதிரி நட்சத்திரம் பார்க்க முடியாது. மாமி சின்ன வயதில் தன் அப்பா காட்டிய ஆறாமீன் கூட்டத்தை மகனுக்குக் காட்டினா. அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது, ஒருவரும் உள்ளே போகவில்லை.

சரி, குறைகளும் இருக்கின்றன. பார்க்கிற இடங்களில் கழிப்பறை வசதி மிகக் குறைவு, பெண்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் தங்குகிற வீட்டை நடுவாக வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். படகில் ஏறுகிற இறங்குகிற இடத்தில் முழங்கால் வருத்தக்காரருக்குக் கஷ்டம், மாமியை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினோம். நிழல் இல்லை, குடையும் தொப்பியும் கட்டாயம். காசைக் கையில் கொண்டு போங்கள். இன்னொன்று, நயினாதீவையும் சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். நாகபூசணி அம்மனிடம் இன்னொரு நாள் ஆறுதலாகப் போய், பூசை பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டு வாருங்கள்.

படகுப் பயணம் ஒத்துவராதவர்களுக்குக் காரைநகர் கசூரினா கடற்கரை இருக்கிறது, ஆழம் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. போகும்போது ஊர்காவற்றுறையால் சுற்றிப்போய், பாதை என்கிற மிதவைப் படகில் வாகனத்தோடு ஏறிக் காரைநகர் இறங்கினால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. மணற்காட்டு மணல் மேடுகளும் பின்னேரத்தில் வடிவு. ஆனால் இவை அரை நாள் இடங்கள்.

நெடுந்தீவுக்குத் தை முதல் சித்திரை வரை நல்ல காலம், கடல் அடங்கி இருக்கும், மழைத் தண்ணீர் பள்ளங்களில் இன்னும் நிற்பதால் குதிரைகளும் நல்ல நிலையில் இருக்கும். வைகாசியில் சோளகக் காற்று தொடங்கினால் படகு ஆடுகிற ஆட்டம் வேறு, சில நாள் படகே விடமாட்டார்கள். பிள்ளைகளோடு போக நினைக்கிறவர்கள் இப்போதே அறைக்குச் சொல்லி வையுங்கள், அந்த வீட்டில் இருப்பது இரண்டே இரண்டு அறைதான்.