ஒரே சர்வர், மூன்று விஎம்: ப்ராக்ஸ்மாக்ஸா, ஹைப்பர்-வியா?

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகம். இருப்பது ஒரே சர்வர். டேலிக்கு ஒரு விண்டோஸ், ஃபைல் ஷேருக்கு இன்னொன்று, டேட்டாபேஸுக்கு ஒரு லினக்ஸ். ஒரு சர்வருக்குள் இப்படித் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கணினிதான் விஎம். அவற்றை ஓட்டும் மென்பொருளாக எதைப் போடலாம்: இலவச ப்ராக்ஸ்மாக்ஸா, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியா?

இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வேண்டாம். பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனபின் 2024 பிப்ரவரியில் அதன் இலவச இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. இப்படி ஆடும் ஒன்றை நம்பிக் கணக்கு வழக்கை வைக்க முடியாது.

ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசம் என்பதால் விண்டோஸ் லைசென்ஸ் மிச்சமாகும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆகாது. எதன்மேல் ஓடினாலும் விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் வேண்டும். ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். அதே லைசென்ஸில் ஹைப்பர்-வியும் கூடவே வருகிறது. ஆகவே செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முடிவெடுக்க வைப்பது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைனில் கையெழுத்திடப் பயன்படும் யுஎஸ்பி சாதனம்). ஹைப்பர்-வியில் சர்வரில் செருகிய யுஎஸ்பி டோக்கனை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்க வழியில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைபவரின் கணினியில் செருகி, ஸ்மார்ட் கார்டாக அனுப்ப வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஹார்டுவேர் பகுதியில் யுஎஸ்பி சாதனத்தைச் சேர்த்தால் போதும். ஒரே மாடல் டோக்கன் இரண்டு இருந்தால் மட்டும் கவனம்: இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றே. அதனால் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் யுஎஸ்பி போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த டோக்கன் எந்தப் போர்ட் என்று சர்வரிலேயே ஒட்டி வையுங்கள்.

கரண்ட் போகும் விஷயத்தில் ஹைப்பர்-வி ஒரு படி மேல். ஓடிக்கொண்டிருந்த விஎம், ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் சர்வர்) எழுந்ததும் தானாக எழும். ப்ராக்ஸ்மாக்ஸில் 'ஸ்டார்ட் அட் பூட்' முதலில் அணைந்தே இருக்கும். டிக் செய்ய மறந்தால் காலையில் டேலி திறக்காது. ஹோஸ்ட் அணையும்போது ஒவ்வொரு விஎம்முக்கும் 180 விநாடி அவகாசம். விண்டோஸ் அப்டேட் நடுவில் இருந்தால் அது போதாது, வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும். அவகாசத்தைக் கூட்டி, யுபிஎஸ் பேட்டரி அதைத் தாங்குமா என்று மெயினை அணைத்துச் சோதியுங்கள். இரண்டில் எதுவானாலும், கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழும்படி பயாஸிலும் (சர்வரின் தொடக்க அமைப்பு) மாற்ற வேண்டும்.

அலுவலகத்தில் விண்டோஸ் மட்டுமே தெரிந்தவர் பார்த்துக்கொள்கிறார், டோக்கன் தொல்லை இல்லை என்றால் ஹைப்பர்-வி போதும். ஆனால் செக்பாயிண்டை (விஎம்மின் அந்த நேர நிலையைச் சேமிக்கும் வசதி) பேக்கப் என்று நம்ப வேண்டாம். அது வளர்ந்து டிஸ்க் நிறைந்தால் விஎம் நின்றுவிடும்.

மற்றவர்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ்தான். திட்டமிட்ட பேக்கப் அதிலேயே இருக்கிறது. அப்டேட்டில் 401 பிழை வந்தால் பயப்படாதீர்கள்: கட்டணச் சந்தா ரெப்பாசிட்டரியை (அப்டேட் வரும் இடம்) அணைத்து, சந்தா இல்லாததைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாவிட்டால், விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாக மாட்டி, டிரைவரை ஏற்றுங்கள்.