இடிப்பதா, மாற்றுவதா? மன்ஹாட்டனின் காலி அலுவலகங்கள்

காலியாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடத்தை வீடுகளாக மாற்றுவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று நியூயார்க்கில் உரிமையாளர்கள் பலர் திணறுகிறார்கள்.

வெளிச்சம்
மாற்றினால்: பெரிய தலைவலி இதுதான். படுக்கையறைக்கு ஜன்னல் கட்டாயம். அகன்ற அலுவலகத் தளத்தின் நடுப்பகுதியோ இருட்டு. மன்ஹாட்டனில் 25 வாட்டர் தெரு என்ற முகவரியில் இருந்த அலுவலகக் கட்டடத்தின் வயிற்றில் இரண்டு முற்றங்களை வெட்டித் திறந்தார்கள். இழந்த பரப்புக்கு ஈடாக உச்சியில் 10 மாடிகளை ஏற்றினார்கள். இன்று அங்கே 1,300-க்கும் மேற்பட்ட வீடுகள். அசாத்தியமான உழைப்பு!
இடித்தால்: வரைபடத்திலேயே ஜன்னல்கள் அமைந்துவிடும்.

குழாய்கள்
மாற்றினால்: கழிப்பறைகள் லிப்டை ஒட்டி ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு சமையலறைக்கும் தளத்தைத் துளைக்க வேண்டும்.
இடித்தால்: இந்தத் தொல்லை இல்லை.

பரப்பு
மாற்றினால்: இருப்பது நிலைக்கும்.
இடித்தால்: எங்கே எவ்வளவு கட்டலாம் என்று வரம்பிடும் 1961 மண்டல விதிகளுக்கு முன் எழுந்த பல கட்டடங்கள் இன்றைய வரம்பைவிடப் பெரியவை. அந்தக் கூடுதல் பரப்பு கைவிட்டுப் போகலாம்.

ஒடுங்கிய பழைய கோபுரமா, தயங்காமல் மாற்றுங்கள். உறுதியான எஃகுச் சட்டத்தைக் குப்பையாக்க எனக்கு மனம் வராது. தளம் மிக அகன்று, கூரை தாழ்ந்து, முற்றம் வெட்டவும் வழியில்லை என்றால் மட்டும் இடித்துக் கட்டுவதே மேல்.