லேக் டிஸ்ட்ரிக்டில் பப் விட்டு பப் நடை: பெட்டி வேனுக்கு ஐந்து நட்சத்திரம், வழிக்குறிப்புக்கு ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை, சைவம், மலையேறுகிற ஆளும் இல்லை. வடமேற்கு இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் பல வருடமாகக் குடியிருந்தும், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஏரியும் மலையுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் எனக்கு விண்டர்மியர் படகுத்துறை, ஒரு ஐஸ்கிரீம், திரும்பி வருவது என்ற அளவில்தான் பழக்கம். போன ஜூலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள், வரப்பில் நடந்து பழகிய கால். "ஏட்டி, லண்டனையெல்லாம் போட்டோல பார்த்தாச்சு. இந்த நாட்டுல ஆடு மாடு மேயுற இடம் எங்க இருக்கோ அங்க கூட்டிட்டுப் போ" என்றாள். என் வீட்டுக்காரர் தேடிப் பிடித்ததுதான் இந்த நடைப் பயணத் திட்டம்.

திட்டம் இப்படி. நடப்பது நம் பாடு. ஒவ்வொரு ஊரிலும் பப்போடு சேர்ந்த தங்குமிடத்தில் அறை போடுவது, பெட்டியை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுபோவது, எங்கே எப்படித் திரும்ப வேண்டும் என்று எழுதிய வழிக்குறிப்பு தருவது, இந்த மூன்றும் கம்பெனி வேலை. வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். இங்கிலாந்தில் இப்படி நிறையக் கம்பெனிகள் இருக்கின்றன. நாங்கள் போன கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. என் அனுபவம் ஒரு வாரத்தோடு சரி, அதை வைத்து அவர்கள் பிழைப்பில் கைவைக்க எனக்கு விருப்பம் இல்லை.

வழி: ஆம்பிள்சைடில் தொடங்கி கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கு, அங்கிருந்து ஸ்டேக் பாஸ் கணவாய் ஏறி இறங்கி போரோடேல், பிறகு டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையோடு கெசிக். அல்வர்ஸ்டனிலிருந்து கார்லைல் வரை போகும் கும்ப்ரியா வே என்ற 112 கிலோமீட்டர் நடைவழியில் நல்ல நடுத்துண்டை மட்டும் நறுக்கி எடுத்ததுபோல.

பெட்டி வேனைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் காசு அங்கேதான் நியாயமாகிறது. லாங்டேலிலிருந்து போரோடேலில் இருக்கும் ராஸ்த்வெய்ட்டுக்கு நாங்கள் நடந்தது சுமார் 13 கிலோமீட்டர். நடுவில் மலை, குறுக்கே கார் போக ரோடு கிடையாது. எங்கள் பெட்டியோ ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெசிக் என்று சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் பயணம் செய்து அதே ஊருக்கு வந்தது. இருபது கிலோ பெட்டியைக் காலை ஒன்பது மணிக்குள் வரவேற்பறையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு மட்டும் முதுகில் போட்டு நடப்பது சுகம். அக்காவின் பெட்டியில் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், இரண்டு செட் ஸ்வெட்டர், ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர் எல்லாம் இருந்தன. இதைத் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறுவதாக இருந்தால் நாங்கள் ஆம்பிள்சைடையே தாண்டியிருக்க மாட்டோம்.

ஒரே ஒரு சாயங்காலம் வேன் தாமதம். மழையில் நனைந்து வந்து சேர்ந்தோம். மாற்றுத் துணி பெட்டியில். பெட்டி ஏழரை வரைக்கும் வரவில்லை. ஜூலையில் ஒன்பதரை மணி வரைக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவதே தெரியாது. ஆனால் கிராமத்துப் பப்புகளில் சமையல்கட்டு பெரும்பாலும் எட்டரை, ஒன்பதுக்கு மூடிவிடும். ஈரக் காலுறையோடு போய் அவசரமாகச் சாப்பாடு சொல்ல வேண்டியதாயிற்று. போன் செய்து கேட்கலாம் என்றால் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. அப்படியும் அந்த ஐந்து நட்சத்திரத்தை நான் குறைக்கவில்லை.

வழிக்குறிப்புக்கு வருவோம். "விழுந்து கிடக்கும் பெரிய மரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பவும்" என்று எழுதியிருந்தார்கள். மரம் இல்லை. எந்த வருடம் விழுந்த மரமோ, யாரோ அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "புதிய வேலிக்கதவு" என்று குறித்திருந்த கதவு பாசி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில், வருடத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் அந்த வழியில் நடந்து பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியது வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்த, ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடம். 1:25,000 அளவு, பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் பச்சைக் கோட்டில் இருக்கும், கல் சுவர் ஒவ்வொன்றும் மெல்லிய கறுப்புக் கோட்டில் இருக்கும். சுவரை எண்ணிக்கொண்டே நடந்தால் வழி தவறாது. இந்தப் பாதைக்கு ஓஎல் 7, 6, 4 என்று மூன்று தாள் வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள், கம்பெனியின் குறிப்பை பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

அடுத்தவன் வயல் நடுவே பாதை போகிறது, கதவைத் திறந்து உள்ளே போ என்று போர்டு வேறு வைத்திருக்கிறார்கள் என்பது அக்காவுக்குக் கடைசிவரை ஆச்சரியம். திறந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும், நாயைக் கட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மேலே வேலியில்லாத மலைப்பகுதிக்கு வந்துவிட்டால் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரும்பாலான இடங்களில் பாதையை விட்டும் நடக்க அனுமதி தருகிறது.

சரி, பப்.

முதல் ஊரில் தங்குமிடத்தின் கீழ்த்தளத்தில் பீர்க் குழாய்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி, கள்ளுக்கடையிலயா ரூம் போட்டிருக்க?" என்றாள். வீட்டுக்காரர், "மதினி, உள்ள வந்து பாருங்க, பிடிக்கலன்னா வேற இடம் பார்ப்போம்" என்று கூட்டிப்போனார். உள்ளே ஒரு பாட்டி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். காலடியில் நாய். இரண்டு பிள்ளைகள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்தாள்.

நகரத்து பப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். பாட்டுச் சத்தம் இல்லை. யாரும் மேசைக்கு வந்து கேட்கமாட்டார்கள்; நாமே கவுண்டருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, காசு கொடுத்துவிட்டு வர வேண்டும். நீங்கள் ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எலுமிச்சைச் சாறு கலந்த சோடா, இஞ்சி பீர் (பெயர்தான் பீர், நாங்கள் வாங்கியதில் சாராயச் சத்து இல்லை), டீ, எது கேட்டாலும் அதே முகத்தோடு தருகிறார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு ஊரிலும் பிட்டர் என்ற உள்ளூர் பீர் அரை பைன்ட் வாங்கிப் பார்த்தார். அவர் தீர்ப்பில் முதலிடம் கோனிஸ்டன் ஊரில் வடிக்கும் புளூபேர்டுக்கு. 1998இல் பிரிட்டனின் சிறந்த பீர் என்று பட்டம் வாங்கியதாம். கோனிஸ்டன் ஏரியில் 1967இல் வேகச் சாதனை முயற்சியில் இறந்த டொனால்ட் கேம்பலின் படகுப் பெயர் அது.

எனக்குப் பிடித்த இடம், லாங்டேல் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ஓல்ட் டஞ்சன் கில் ஹோட்டலின் ஹைக்கர்ஸ் பார். நாங்கள் தங்கியது வேறு இடத்தில். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தது இங்கே. முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்தது. மாடு கட்டிய தடுப்புகளை அப்படியே விட்டு, நடுவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கல் தரை. சேறு பிடித்த பூட்ஸோடு போய் உட்காரலாம். பக்கத்து மேசையில் கயிறும் தலைக்கவசமும் கிடந்தன. கட்டடம், பழைய இடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். அழகுபடுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் இந்த இடத்தின் அழகு. தொழுவம் என்று சொன்னதும் அக்கா எழுந்து, தடுப்புப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாடு சின்ன மாடு போல" என்றாள்.

அந்த பாரில்தான் ஓர் ஆட்டுக்காரரோடு பேச்சுக் கிடைத்தது. மேலே மலையில் வேலியே இல்லையே, யார் ஆடு எது என்று எப்படித் தெரியும் என்று அக்கா கேட்க, நான் மொழிபெயர்க்க, அவர் அரைமணி நேரம் சொன்னார். ஹெர்ட்விக் என்ற இனம். குட்டி போடும்போது கறுப்பு, வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகி முகம் வெளுத்துவிடும். தாய் மேய்ந்த சரிவைக் குட்டியும் பழகிக்கொண்டு அங்கேயே நிற்கும், வேறெங்கும் போகாது. அதற்குமேல் உரோமத்தில் சாயக்குறி, காதில் வெட்டு. எந்தக் குறி எந்தப் பண்ணை என்று பார்க்க 1817 முதலே அச்சுப் புத்தகம் இருக்கிறது. பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற எழுத்தாளர் இந்த ஆடுகளை வளர்த்துப் பரிசு வாங்கியவர். 1943இல் இறந்தபோது 4000 ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்துப் போனார். ஆட்டுக்காரர் கிளம்பும்போது அக்காவிடம் கைகொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய திட்டத்தில் இது எந்த வரியிலும் இல்லை.

சாப்பாடு? சைவக்காரர்களுக்குப் பட்டினி இல்லை, விருந்தும் இல்லை. சீஸ் வெங்காயப் பை, காளான் ஏதாவது ஒன்று, பீன்ஸ் சில்லி, இந்த மூன்றும் எல்லா ஊரிலும் சுற்றிச்சுற்றி வரும். சிப்ஸ் கேட்கும்போது மீன் பொரிக்கும் எண்ணெய்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நேர்மையாகச் சொல்கிறார்கள். ஸ்டிக்கி டாஃபி புட்டிங் பேரீச்சம்பழம் போட்டுச் செய்வது, மேலே சூடான டாஃபி ஊற்றித் தருவார்கள், பிரமாதம். ஆனால் முட்டை உண்டு, அதனால் அக்காவின் பங்கும் எனக்கே வந்தது. சுருள் சுருளாக வரும் கம்பர்லண்ட் சாசேஜ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வழியில் தின்ன கெண்டல் மின்ட் கேக் வாங்கிக்கொள்ளலாம்: சர்க்கரை, குளுக்கோஸ், புதினா எண்ணெய். 1953 எவரெஸ்ட் குழு எடுத்துக்கொண்டு போனது. ஒரு துண்டுக்குமேல் என்னால் முடியவில்லை.

ஸ்டேக் பாஸ் ஏறிய நாள்தான் பயணத்தின் உச்சம். ஓல்ட் டஞ்சன் கில் ஹோட்டல் பின்பக்கமிருந்து மிக்கில்டன் என்ற தட்டையான பள்ளத்தாக்கு. வலப்பக்கம் பைக் ஆஃப் ஸ்டிக்கிள் என்ற சிகரத்திலிருந்து ஓடைபோல் சரிந்து கிடக்கும் கற்கள் தெரியும். சுமார் 6000 வருடத்துக்கு முன் அங்கே கற்கோடரி செய்தார்கள். அந்தக் கோடரிகள் பிரிட்டன் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ராசெட் கில், உயர்ந்த மலைகளுக்குப் போவது. நமக்கு வலப்பக்கம். வளைந்து வளைந்து கல் பதித்த ஏற்றம். அக்கா எனக்கு முன்னால் ஏறி, மேலே உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டாள். இறங்கும் பக்கம் லாங்ஸ்ட்ராத் ஓடை. நீளம், நீளம், நீளம். முட்டிக்குக் கைத்தடி இல்லாமல் போகாதீர்கள்.

மழை பெய்யும். ஜூலை என்று நம்பாதீர்கள். ராஸ்த்வெய்ட் பக்கத்திலேயே இருக்கும் சீத்வெய்ட்தான் இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது, வருடத்துக்குச் சுமார் 3500 மில்லிமீட்டர். பெரணிப் புதரில் நடந்தால் இரவில் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வழி தவறினாலோ அடிபட்டாலோ 999, போலீஸ், மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பப் கவுண்டர்களில் அவர்களுக்கு உண்டியல் இருக்கும். மீதிச் சில்லறையை அங்கே போடுங்கள்.

கடைசி நாள் காஸில் கிராக் அடிவாரமாகக் கிரேஞ்ச் வந்து, ஏரியைத் தொட்டு பிராண்டல்ஹவ் காடு. நேஷனல் டிரஸ்ட் மக்களிடம் நன்கொடை திரட்டி 1902இல் லேக் டிஸ்ட்ரிக்டில் வாங்கிய முதல் நிலம் இது. அங்கே ஒரு மரப் படகுத்துறை. கெசிக்குக்குப் படகு வரும் என்று தெரிந்ததும் அக்கா நடையை முடித்துக்கொண்டாள். நாங்களும்தான்.

இனி கணக்கு. ஒருவருக்கு 500 பவுண்டைத் தாண்டியது. அதே அறைகளை நாமே நேரில் போட்டு, பெட்டியை மட்டும் தூக்கும் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டிக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு கொடுத்தால் கணிசமாக மிச்சமாகும். அடுத்த முறை அப்படித்தான் செய்யப்போகிறேன். நடக்க முடியாத நாளுக்குப் பஸ் உண்டு: ஆம்பிள்சைடிலிருந்து லாங்டேலுக்கு 516, கெசிக்கிலிருந்து போரோடேலுக்கு 78, கெசிக்கிலிருந்து விண்டர்மியர் ரயில் நிலையத்துக்கு 555. 2025 முதல் ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு. அறை, பஸ் நேரம் என்று தேடி எழுத உட்காரவே அலுப்பு என்பவர்கள் தாராளமாகத் திட்டமே வாங்கலாம், தவறில்லை.

பள்ளத்தாக்குகளில் அறைகள் கொஞ்சம்தான். ஜூலை, ஆகஸ்டுக்கு ஜனவரியிலேயே பாருங்கள். சனிக்கிழமை ஓர் இரவுக்கு மட்டும் பல இடங்களில் தருவதில்லை, ஞாயிறு தொடங்கி வியாழனுக்குள் முடிகிறமாதிரி வைத்துக்கொண்டால் விலையும் குறையும். அறை போடும்போதே சமையல்கட்டு எத்தனை மணிக்கு மூடும், மதியத்துக்குப் பொட்டலம் கட்டித் தருவார்களா, சைவம் கிடைக்குமா என்று மூன்றையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.