நடந்த வரிசையா, முடிவு முதலிலா?

பாளையங்கோட்டையில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், தாமிரபரணிப் பாசனக் கால்வாய் மதகு ஒன்றைப் பார்வையிட்டு, ஒரே ஆய்வை இரண்டு விதமாக அறிக்கையாக்கினேன். முதலாவது நடந்த வரிசையில் சென்றது. நாடா பிடித்தது, நீர்மட்டம் குறித்தது எல்லாம் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் விரிசலுக்கு வந்தது. இரண்டாவதோ, "இடப்புறச் சுவரின் அடியில் 4 மி.மீ. அகல விரிசல் உள்ளது, பிசானப் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் அதை அடைக்க வேண்டும்" என்றே தொடங்கியது. அன்று மதகடியில் நின்ற பெரியவரும், "மொதல்ல அந்தக் கீறலப் பாருங்க தம்பி" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். பழுதுபார்க்க உத்தரவிட வேண்டிய பொறியாளருக்கு இரண்டாவதே உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், ஆய்வகப் பதிவேட்டில் நிலைமை மாறுகிறது. எம் 25 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டில் வார்த்த 150 மி.மீ. சோதனைக் கனசதுரம் 28 நாள் கழித்தும் உரிய வலிமையை எட்டாதபோது, என்று வார்த்தோம், எத்தனை நாள் நீரில் ஊறவைத்தோம், கலவையில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தோம் என்ற வரிசைதான் காரணத்தைக் காட்டும். முடிவை மட்டும் முன்னிறுத்திய குறிப்பில் அதைத் தேட முடியாது. ஆகவே பதிவேட்டை நடந்தபடியும், அதிலிருந்து எழும் அறிக்கையை முடிவிலிருந்தும் எழுதி வருகிறேன்.