முடிதிருத்தக் கற்க: ஐடிஇ தொழிற்கல்லூரியா, கடையா?

சிங்கப்பூரில் முடிதிருத்துபவருக்குத் தனிநபர் உரிமம் கட்டாயமில்லை. கலிபோர்னியாவில் 1,000 மணிநேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும்; இங்கே முதலாளி சம்மதித்தால் தேக்கா (லிட்டில் இந்தியா) கடையொன்றில் சேர்ந்துவிடலாம். (உடல் மசாஜும் செய்தால் கடைக்குப் பொதுவாகப் போலீஸ் உரிமம் தேவை.)

கடையில் கை சீக்கிரம் பழகும். சுருட்டை முடி, நேர் முடி, தாடி என எல்லாத் தலையும் வந்து உட்காரும். ஆனால் கற்றுத்தரும் அண்ணனுக்குத் தெரிந்தது மட்டுமே தம்பிக்கு வரும். சாயம் பூசுமுன் தோல் ஒவ்வாமைச் சோதனை, கத்தியைக் கிருமிநீக்கம் செய்வது போன்றவை எளிதில் விட்டுப்போகும். வாடிக்கையாளரின் தோல் சம்பந்தப்பட்டது இது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஐடிஇ-யில் இவற்றை முறையாகப் படிக்கலாம், சான்றிதழும் உண்டு. வருமானம்தான் தள்ளிப்போகும்.

பள்ளி முடித்த பிள்ளைக்கு ஐடிஇ-யைத்தான் சொல்வேன். குடும்பப் பொறுப்புள்ளவர் கடையில் சேரட்டும். 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள், அரசு தரும் பயிற்சித் தொகையான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் ஒரு குறுகிய வகுப்பாவது எடுத்துக்கொள்ளட்டும்.